பதினொன்றாம் வகுப்புக்கு எட்டுப் பாடங்கள்

சின்னவளுக்குப் பாடத் தேர்வுப் படிவம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. டெக்ஸஸில் பிப்ரவரி பிறந்தால் ஹைஸ்கூல் பிள்ளைகள் இருக்கும் நம்மவர் வீடுகளில் இதே பேச்சுதான். அடுத்த ஆண்டு எந்த எட்டுப் பாடம், அதில் எத்தனை ஏபி (கல்லூரித் தரப் பாடம்), எதை விட்டால் ரேங்க் ஏறும். நேற்று ராத்திரி பதினொரு மணிக்குத்தான் கையெழுத்துப் போட்டேன். சூடு ஆறுமுன் எழுதி வைத்துவிடுகிறேன். பெரியவனுக்கு இதே படிவத்தில் நான் கையெழுத்துப் போட்டது 2021-இல். அப்போது நான் செய்தது தப்பு.

நான் படித்தது திருநெல்வேலிப் பக்கம், ஸ்டேட் போர்டு, தமிழ் மீடியம். பாடம் தேர்ந்தெடுப்பது என்பது எங்களுக்கு ஆயுளில் ஒரே ஒரு காலைப்பொழுது. பத்தாவது மார்க் ஷீட்டை எடுத்துக்கொண்டு அப்பா தலைமை ஆசிரியர் அறைக்குள் போனார். "முதல் குரூப்" என்றார். வெளியே வந்தார். எனக்கு வரலாறும் தமிழும் உயிர். ஆனால் வரலாற்று குரூப் மார்க் குறைந்த பிள்ளைகளுக்கு என்று ஒதுக்கி வைத்திருந்த காலம் அது. என்னை யாரும் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. அப்புறம் இரண்டு வருஷமும் கட்-ஆஃப் கணக்குதான். கணக்குக்கு 100, பிசிக்ஸும் கெமிஸ்ட்ரியும் சேர்ந்து 100, நுழைவுத் தேர்வு 100, ஆக 300. அந்த 300-க்குள் வராத எதுவும் படிப்பில் சேர்த்தி இல்லை. நான் கடைசியில் இஞ்சினியரிங்கும் போகவில்லை, லேப் டெக்னாலஜி படித்து இன்று இங்கே ஒரு ஆஸ்பத்திரி லேபில் ரத்த சாம்பிள்களோடு வேலை பார்க்கிறேன். ஆனாலும் அந்த 300 என் தலைக்குள் குடியேறியது, கடல் தாண்டியும் இறங்கவில்லை.

ஊரிலிருந்து படிக்கிறவர்களுக்காக ஒரு விளக்கம். இங்கே ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஹைஸ்கூல். குரூப் கிடையாது, ஒவ்வொரு வருஷமும் பாடங்களைப் புதிதாகத் தேர்ந்தெடுக்கலாம். ஒரே பாடத்தைச் சாதாரணமாகவும் எடுக்கலாம், அட்வான்ஸ்டு ஆகவும் எடுக்கலாம், கல்லூரி முதலாண்டுத் தரத்தில் ஏபி ஆகவும் எடுக்கலாம். ஏபி பாடங்களை நடத்துவது காலேஜ் போர்டு என்ற அமைப்பு. 1955-இலிருந்து அவர்கள் கையில்தான் இருக்கிறது. மே மாதம் பொதுத் தேர்வு, மதிப்பெண் 1 முதல் 5 வரை, ஒரு தேர்வுக்குக் கட்டணம் ஏறத்தாழ 100 டாலர். 3 அல்லது அதற்கு மேல் வாங்கினால் டெக்ஸஸ் அரசுப் பல்கலைக்கழகங்கள் கிரெடிட் (அந்தப் பாடத்தைக் கல்லூரியில் முடித்ததாகக் கணக்கு) தர வேண்டும் என்று 2015-இல் சட்டம் வந்தது. அதனால் காசும் மிச்சம், கல்லூரி விண்ணப்பத்துக்கும் பலம் என்று எல்லோரும் ஓடுகிறோம்.

நானும் ஓடினேன். பெரியவன் பதினொன்றாம் வகுப்பு போகும்போது ஆறு ஏபி போட்டேன். "போட்டேன்" என்றுதான் சொல்ல வேண்டும், அவன் போடவில்லை. பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, கால்குலஸ் பிசி (BC, ஏபி கால்குலஸில் கடினமானது), கம்ப்யூட்டர் சயின்ஸ், இங்கிலீஷ் லாங்குவேஜ், யு.எஸ். ஹிஸ்டரி. அந்தக் கடைசிப் பாடத்தைப் பிள்ளைகள் "ஏபுஷ்" என்பார்கள். வாசிக்க அவ்வளவு இருக்கும். தேர்வில் ஏழு ஆவணங்களைக் கொடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் அவற்றை வைத்தே ஒரு வாதத்தைக் கட்டுரையாக எழுதச் சொல்வார்கள். மாதாமாதம் பணம் வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்லும் ஒருவரிடம் அப்போது போய்க்கொண்டிருந்தோம். "பன்னிரண்டு ஏபிக்குக் குறைந்தால் நல்ல கல்லூரி திரும்பிக்கூடப் பார்க்காது" என்றார் அவர். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவிலும் அதே பாட்டு. நான் நம்பினேன்.

அக்டோபரில் ஒரு நாள் அவனை ஸ்கூலிலிருந்து அழைத்து வந்தேன். வீட்டு வாசலில் காரை நிறுத்தியும் இறங்கவில்லை. திரும்பிப் பார்த்தால் பை மடியில் இருக்க, வாய் லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருக்கிறான். எழுப்ப மனசு வரவில்லை. எஞ்சினை அணைக்காமல் நாற்பது நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ராத்திரி இரண்டு மணி வரை விழித்திருப்பது தெரியும், ஆனால் தெரிந்ததை நான் பார்க்கவில்லை. அந்த ஆறு வார மதிப்பெண் அறிக்கையில் ஏபுஷுக்கு 78. பாடத்தை மாற்றிக்கொள்ளும் கெடு எப்போதோ முடிந்திருந்தது. டிசம்பருக்குள் ஸ்கூல் ரோபோடிக்ஸ் குழுவிலிருந்து விலகிவிட்டான். ஆறாம் வகுப்பிலிருந்து அவனுக்கு உயிராக இருந்தது அது. "டைம் இல்லம்மா" என்றான். அவ்வளவுதான் சொன்னான், சண்டை போடவில்லை. போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மே மாதம் ஆறு தேர்வும் எழுதினான். கால்குலஸில் 4. அதை வைத்துக் கல்லூரியில் முதல் இரண்டு கால்குலஸ் வகுப்புகளைத் தாண்டி நேரே மூன்றாவதில் உட்கார்ந்தான். இரண்டே மாதத்தில் போன் வந்தது. தேர்வுக்குப் படித்ததெல்லாம் மறந்துவிட்டது, அடித்தளமே இல்லை என்று. அந்த வகுப்பை விட்டுவிட்டு, கிரெடிட் இருந்தும் இரண்டாவது கால்குலஸை மறுபடி எடுத்தான். இன்று நன்றாகத்தான் படிக்கிறான், எனக்குக் குறையில்லை. ஆனால் அந்தப் பதினேழு வயசு வருஷத்தை என்னால் அவனுக்குத் திருப்பித் தர முடியாது.

சின்னவள் வேறு மாதிரிப் பிள்ளை. வீட்டுக்குப் பின்னால் ஒரு ஓடை போகிறது. அதில் கன்னத்தில் சிவப்புப் பட்டை போட்ட ஆமைகள் வெயில் காய வரும். அவற்றைப் போட்டோ எடுத்து, தேதியோடு ஐநேச்சுரலிஸ்ட் என்ற இயற்கைப் பதிவுத் தளத்தில் ஏற்றுவாள். மூன்று வருஷமாக இது நடக்கிறது. அதை விட்டால் வயோலா. ஆறாம் வகுப்பிலிருந்து ஆர்கெஸ்ட்ராவில் இருக்கிறாள். வயலினைவிடக் கொஞ்சம் பெரியது, குரல் தாழ்ந்தது. யாரும் தனியாகக் கவனிக்காத வாத்தியம், ஆனால் அது இல்லாவிட்டால் இசை நடுவில் ஓட்டை விழும் என்று எனக்குப் புரியவைத்தவள் அவள்தான்.

சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. எங்கள் ஸ்கூல் டிஸ்ட்ரிக்டில் (இந்தப் பகுதிப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) ஏபி பாடத்தில் ஏ வாங்கினால் 5.0, சாதாரணப் பாடத்தில் ஏ வாங்கினால் 4.0. இவற்றின் சராசரியை வைத்துத்தான் ரேங்க். ஆர்கெஸ்ட்ரா சாதாரணப் பாடம். எவ்வளவு நன்றாக வாசித்தாலும் 4.0-தான். ஒரு பிள்ளை ஏழு ஏபியும் ஆர்கெஸ்ட்ராவும் எடுத்து எட்டிலும் ஏ வாங்கினால் சராசரி 4.875. அதே பிள்ளை ஆர்கெஸ்ட்ராவை விட்டுவிட்டு, அந்தப் பீரியட் வீட்டில் சும்மா படுத்திருந்தால் ஏழுக்கு ஏழும் 5.0, சராசரியும் 5.0. ஒரு பிள்ளை தினமும் உழைத்து ஒன்றைக் கற்றுக்கொண்டதற்காக அதன் சராசரி இறங்குகிறது. இதை எழுதும்போதே எனக்கு ஆத்திரம் வருகிறது. ஆர்ட், பேண்ட், நாடகம் எல்லாவற்றிலும் இதே கதைதான். பதினொன்றாம் வகுப்பில் ஆர்கெஸ்ட்ரா அறை பாதி காலியாவதை நான் இரண்டு பிள்ளைகளிடமும் பார்த்துவிட்டேன்.

டெக்ஸஸில் இந்தப் பைத்தியம் கூடுதலாக இருப்பதற்குக் காரணம் உண்டு. வகுப்பில் மேல் 10 சதவீதத்துக்குள் வந்தால் மாநில அரசுப் பல்கலைக்கழகங்களில் தானாகவே இடம் என்று 1997-இல் சட்டம் போட்டார்கள். கிராமத்துப் பள்ளியோ நகரத்துப் பள்ளியோ, அங்கே முதலில் நிற்கும் பிள்ளைக்கு வாசல் திறக்க வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் ஆஸ்டினில் உள்ள டெக்ஸஸ் பல்கலைக்கழகத்துக்குக் கூட்டம் தாங்கவில்லை. அதற்கு மட்டும் வரம்பைக் குறைத்துக்கொள்ள 2009-இல் அனுமதி கிடைத்தது. அது 6 சதவீதத்துக்கு வந்து, 2026 இலையுதிர் காலச் சேர்க்கையிலிருந்து 5 ஆகிவிட்டது. அந்த 5-க்குள் வந்தாலும் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதியே தவிர, கேட்ட பிரிவு உறுதியில்லை. கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும் இஞ்சினியரிங்குக்கும் தனியாகப் பார்ப்பார்கள். விண்ணப்பிக்கும்போது கையில் இருப்பது பதினொன்றாம் வகுப்பு முடிவு வரையிலான ரேங்க். அதனால்தான் இந்த ஒரு வருஷத்துப் படிவத்துக்கு இவ்வளவு போராட்டம்.

சின்னவளின் வகுப்பில் 880 பேர். அதில் 5 சதவீதம் என்றால் 44, 10 சதவீதம் என்றால் 88. அவள் ரேங்க் 137. முதல் வாரம் நான் மறுபடி பழைய ஆளாகிவிட்டேன். ஆர்கெஸ்ட்ராவை விட்டுவிட்டு ஏபி கெமிஸ்ட்ரி போடு என்று நானே சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லாமல் மாடிக்குப் போனாள். அரை மணி நேரம் வயோலா சத்தம் கேட்டது, அப்புறம் நின்றுவிட்டது.

அன்று ராத்திரி எங்க வீட்டுக்காரர் எக்செல் ஷீட்டைத் திறந்தார். கல்லூரிகளுக்கு ஒவ்வொரு பிள்ளையின் விண்ணப்பத்தோடும் ஸ்கூல் தன்னைப் பற்றிய விவரத் தாள் ஒன்றையும் அனுப்பும். என்னென்ன ஏபி பாடங்கள் இருக்கின்றன, சராசரிகள் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதெல்லாம் அதில் இருக்கும். எங்கள் ஸ்கூல் தாளின்படி மேல் 10 சதவீதம் தொடங்குவது 4.69-இல். சின்னவள் இதுவரை எடுத்த பதினாறு பாடங்களுக்கு 4.51. "சரி, இப்போ பாரு" என்றார். பதினொன்றில் எட்டுமே ஏபி, எட்டிலும் ஏ என்று போட்டார். 4.67 வந்தது. மறுபடி தட்டிப் பார்த்தார். அதே 4.67. வயோலாவை விட்டு, தூக்கத்தை விட்டு, ஓடையை விட்டு, ஒரு பிள்ளையும் செய்ய முடியாததைச் செய்தாலும் 10 சதவீதத்துக்குள் வராது. 5 சதவீதம் பேச்சே இல்லை. ஆர்கெஸ்ட்ராவோடு ஏழு ஏபி போட்டால் 4.63. அந்த 0.04-க்காக அவளிடம் வாத்தியத்தைக் கீழே வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

எட்டியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் அன்று யோசித்தேன். ரேங்க் 50-இல் நிற்கும் பிள்ளையைப் பேண்டிலிருந்து எடுத்த ஒரு தோழி எனக்கு உண்டு. அவளை நான் குறை சொல்லமாட்டேன். நானும் எடுத்திருப்பேனோ என்னவோ. அது என்னைத் தூங்கவிடவில்லை.

பிள்ளைகளுக்குப் பாடத்திலும் கல்லூரியிலும் வழிகாட்டும் ஸ்கூல் கவுன்சிலரைப் பார்க்க நேரம் வாங்கினோம். ஒரு கவுன்சிலருக்கு 250 பிள்ளைகளுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது அவர்களுடைய சங்கத்தின் பரிந்துரை. இந்த அம்மாவிடம் அதைவிட எவ்வளவோ அதிகம். எங்களுக்குக் கிடைத்தது பதினைந்து நிமிஷம். ஆனால் பெரியவனுக்கு மாதாமாதம் பணம் கொடுத்துக் கேட்டதைவிட அந்தப் பதினைந்து நிமிஷத்துக்கு மதிப்பு அதிகம். பல கல்லூரிகளுக்கும் பொதுவான காமன் ஆப் விண்ணப்பத்தில் கவுன்சிலர் நிரப்பும் பகுதியை மடிக்கணினியில் திருப்பிக் காட்டினார். அதில் ஒரு கேள்வி: இதே பள்ளியில் கல்லூரிக்குத் தயாராகும் மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் இந்தப் பிள்ளை தேர்ந்தெடுத்த பாடங்கள் எவ்வளவு கடினமானவை? "மிகக் கடினம்" முதல் "சராசரிக்கும் கீழ்" வரை ஐந்து கட்டம், ஒன்றில் டிக். எத்தனை ஏபி என்று எண்ணிப் போடும் கட்டம் அதில் இல்லை. அந்த டிக்கை எப்படிப் போடுவீர்கள் என்று கேட்டேன். ஆங்கிலம், கணக்கு, அறிவியல், வரலாறு, மொழி, இந்த ஐந்தையும் நடுவில் கைவிடாமல் கொண்டுபோகிறாளா, தனக்குப் பிடித்த துறையில் எங்கள் ஸ்கூலில் கிடைக்கும் உச்சம் வரை போகிறாளா என்று பார்ப்பேன் என்றார். ஐந்து ஏபி மட்டுமே இருக்கும் பள்ளியில் நான்கு எடுத்த பிள்ளையையும், முப்பது இருக்கும் பள்ளியில் பத்து எடுத்த பிள்ளையையும் கல்லூரிக்காரர்கள் அவரவர் பள்ளியை வைத்துத்தான் பார்க்கிறார்கள், விவரத் தாள் அனுப்புவதே அதற்குத்தான் என்றார்.

அப்புறம் சின்னவளைப் பார்த்து, "உனக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டார். அவள் ஆமையைப் பற்றிச் சொன்னாள். மூன்று நிமிஷம் நிறுத்தாமல் சொன்னாள். பதினைந்தில் மூன்று போய்விட்டதே என்று நான் பதைக்க, அந்த அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். "அப்படியானால் பதினொன்றில் ஏபி பயாலஜி, பன்னிரண்டில் ஏபி என்விரான்மெண்டல் சயின்ஸ். இரண்டையும் ஒரே வருஷத்தில் அடைக்காதே" என்றார். என்விரான்மெண்டலை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் "ஈஸி ஏபி" என்று தள்ளுவார்கள். நானும் தள்ளியிருக்கிறேன். அவளுக்கு அதுதான் நடுநாயகம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கணக்கில் எனக்கு ஒரு குறை இருந்தது. கூடப் படிக்கும் பாதிப் பிள்ளைகள் அல்ஜீப்ரா 1-ஐ ஏழாம் வகுப்பிலேயே முடித்தவர்கள், பதினொன்றில் கால்குலஸ் பிசி. இவள் ஒரு படி பின்னால் வருகிறாள். அந்தப் பாதை ஆறாம் வகுப்பிலேயே பிரிந்துவிடுகிறது என்பதே எனக்கு அப்போது தெரியாது. ஐந்தாம் வகுப்புக் கணக்கில் மேல் 40 சதவீதத்தில் வரும் பிள்ளைகளை ஆறில் தானாகவே அட்வான்ஸ்டு கணக்கில் சேர்க்க வேண்டும் என்று 2023-இல் டெக்ஸஸில் சட்டம் வந்திருக்கிறது. என்னைப் போல விவரம் தெரியாத பெற்றோரின் பிள்ளைகளுக்கு அது நல்லது. சின்னவளுக்கு இனி ஏபி ப்ரீகால்குலஸ், பன்னிரண்டில் ஏபி கால்குலஸ் AB (பிசியைவிட எளியது). கோடையில் ஒரு வருஷத்துப் பாடத்தை ஆன்லைனில் விழுங்கித் தாண்டலாமே என்றேன். போனில் இருந்த பெரியவன் குறுக்கிட்டான். "அம்மா, ப்ளீஸ், வேணாம். நான் தாண்டினதுதான் போதுமே." அதோடு விட்டுவிட்டேன்.

மொழிக்கு எங்களுக்கு ஒரு வரம் இருந்தது. ஏபியில் ஸ்பானிஷ், பிரெஞ்சு, சீனம், ஜப்பானியம், லத்தீன் எல்லாம் உண்டு, தமிழ் இல்லை. ஆனால் அவாண்ட் நிறுவனம் நடத்தும் ஸ்டாம்ப் தேர்வில் தமிழ் இருக்கிறது. எழுதவும் பேசவும் சோதிப்பார்கள். எங்கள் டிஸ்ட்ரிக்ட் அதை ஏற்றுக்கொண்டது. எட்டாம் வகுப்பு முடிவில் சின்னவள் எழுதினாள். ஒன்பது வருஷம் ஞாயிற்றுக்கிழமை காலைத் தூக்கத்தை விட்டுத் தமிழ்ப் பள்ளிக்குப் போன பிள்ளை. அவளுடைய டிரான்ஸ்கிரிப்ட்டில் (ஹைஸ்கூல் மதிப்பெண் பட்டியல்) "தமிழ் 1, தமிழ் 2, தமிழ் 3" என்று அச்சாகி வந்தபோது நான் அழுதுவிட்டேன். எனக்குப் பத்தாவதில் உயிராக இருந்த பாடம், அமெரிக்க ஸ்கூல் தாளில். டெக்ஸஸில் பட்டம் பெறத் தேவையான இரண்டு மொழிக் கிரெடிட்டும் அதோடு முடிந்தது. ஸ்பானிஷுக்குப் போகவேண்டிய பீரியடில்தான் இரண்டு வருஷமாக ஆர்கெஸ்ட்ரா உட்கார்ந்திருக்கிறது. எல்லா டிஸ்ட்ரிக்டும் இதை ஒப்புக்கொள்ளாது. சில கல்லூரிகள் மொழியை மூன்று, நான்கு வருஷம் எதிர்பார்க்கும். உங்கள் ஸ்கூலிலும் பிள்ளை விரும்பும் கல்லூரியிலும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

முந்தாநாள் கரண்ட் பில் உறையின் பின்பக்கத்தில் அவளே மணிக்கணக்கு எழுதினாள். மேல் வகுப்புப் பிள்ளைகளிடம் விசாரித்து, வீட்டில் எத்தனை மணி நேரம் ஆகும் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரில் போட்டாள். ஏபுஷ் 5, பயாலஜி 5, ப்ரீகால்குலஸ் 4, இங்கிலீஷ் லாங்குவேஜ் 3, சாதாரண பிசிக்ஸ் 2, ஸ்கூல் பத்திரிகை 2, வயோலா 4. வாரத்துக்கு 25 மணி. அதற்குக் கீழே கெமிஸ்ட்ரி 6 என்று எழுதி, 31 என்று கூட்டி, எதுவும் பேசாமல் என் பக்கம் தள்ளினாள். அவள் வீடு வருவது 4:45-க்கு. பதினொரு மணிக்குத் தூக்கம் என்று வைத்தால், சாப்பாடு, குளியல் போக வாரநாளில் மூன்றரை மணிதான் கிடைக்கும். ஐந்து நாளைக்கு பதினேழரை. மிச்சம் ஏழரையைச் சனி, ஞாயிறில் பார்த்துக்கொள்ளலாம். 25 அடங்குகிறது. 31 அடங்காது. பெரியவனுக்கு இப்படி ஓர் உறையை நான் நீட்டவே இல்லை.

இன்னொரு தாயோ தகப்பனோ இதே படிவத்தை வைத்துக்கொண்டு இதைப் படித்தால், ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஏபியை எண்ணுவதற்கு முன்னால் மணியை எண்ணுங்கள். பிள்ளையை எண்ண விடுங்கள். தூக்கத்தையும் ஒரு பாடமாக அதில் எழுதச் சொல்லுங்கள். ரேங்க் கணக்கைப் போடுவதென்றால் கடைசி தசமம் வரை போட்டுப் பாருங்கள். எங்களைப் போல, விடச் சொன்ன பொருளுக்கு விலையே கிடைக்காது என்பது அப்போதுதான் தெரியவரும்.

நேற்று ராத்திரி படிவம் போய்விட்டது. நான்கு ஏபி, சாதாரண பிசிக்ஸ், பத்திரிகை, ஆர்கெஸ்ட்ரா. எட்டாவதாக அவளுடைய பத்திரிகை ஆசிரியை சொன்ன பேச்சு வகுப்பு, வீட்டுப்பாடம் இல்லாதது. ஒவ்வொரு விருப்பப் பாடத்துக்கும் எதிரில், இடம் கிடைக்காவிட்டால் மாற்று எது என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஆர்கெஸ்ட்ராவுக்கு எதிரில் அவள் அதைக் காலியாக விட்டிருந்தாள். நிரப்பச் சொல்ல வாயெடுத்தேன், நிறுத்திக்கொண்டேன். கையெழுத்துப் போட்டேன்.

வயோலாவின் தடித்த தந்தி தேய்ந்துவிட்டதாம். சனிக்கிழமை கடைக்குப் போக வேண்டும், மார்ச்சில் யூ.ஐ.எல். (டெக்ஸஸ் பள்ளிகளுக்கான) போட்டி இருக்கிறது.